அங்கே பார்த்த மரம்

மரம் பார்க்க மலையேறி வந்த மனிதர், மரத்தடியில் நின்றுகொண்டு, மரத்தைப் பார்க்காமல் எதைப் பார்க்கிறார்? பள்ளிக்கூடத்தில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை எழுதிய எனக்கு இதற்கு மட்டும் அப்போது விடை தெரியவில்லை. கொல்லிமலைச் செங்கோடனுக்குத் தெரிந்திருந்தது.

வாசகர்களே, இந்த இனத்துக்கு 'அங்கே பார்த்தவர்' என்று பெயர். அருவியைக் காட்டினால் குற்றாலத்தைச் சொல்வார். குளிரைப் பற்றிப் பேசினால் உதகையைச் சொல்வார். பசிக்கிறதே என்று சாமைச் சோறு போட்டால், வழித்துத் தின்று, ஏப்பமும் விட்டபிறகு, தஞ்சாவூர்ச் சாப்பாட்டைச் சொல்வார். இங்கே வந்தும் இங்கே இருக்கமாட்டார்.

சேலத்து அர்த்தனாரி இந்த இனத்துக்கே பட்டக்காரர். கலெக்டர் துரை போடுவது போன்ற தொப்பி, கைத்தடி, கழுத்தில் தூரம் பார்க்கும் கண்ணாடி. வண்டி ஏறாத மலை, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடைதான். வழிகாட்ட வந்தவன் தேவனூர் நாட்டு விவசாயி செங்கோடன். மேட்டுக்கு மேடு அவருக்கு மூச்சு வாங்கியது. நீலகிரிப் பெருமை கேட்டு இவனுக்குக் காது வலித்தது.

கோயில்காட்டின் நடுவே நின்றது அந்த நாவல் மரம். ஏழு பேர் கைகோத்தாலும் அடியைச் சுற்ற முடியாது. மேகம் அதன் கிளையில் மாட்டிக்கொண்டு, பிய்த்துக்கொண்டுதான் போகும்.

"இதுதானா?" என்றார் அர்த்தனாரி. "நீலகிரியில ஒண்ணு பார்த்தேன் பாரு, அது மரம்! இது அது போட்ட குட்டி."

"இருக்குமுங்க."

குட்டிதானே, விட்டுவிட்டுப் போகலாமே? மாட்டார். பேனாக்கத்தியை விரித்தார். போன இடமெல்லாம் தம் பெயரை வெட்டிவிட்டு வருவது இவர்கள் வழக்கம்.

செங்கோடன் கைகூப்பிக்கொண்டு முன்னே வந்தான். கோயில்காட்டு மரத்தில் கத்தி பட்டால், வெட்டியவனை விட்டுவிட்டுக் கூட்டிவந்தவனைப் பிடிப்பது அங்கே ஊர்க்கட்டு. அந்த வருஷக் கோயில் திருவிழாவில், அதாவது நோம்பியில், அவன் வீட்டுப் பானை பொங்கக்கூடாது. பானை பொங்காத வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள். நிச்சயம் ஆகியிருந்தாலும் முறிந்தது முறிந்ததுதான். நோம்பி முடிந்த மூன்றாம் நாள் அவன் மகள் கண்ணாயிக்குக் கல்யாணம்!

"சாமி குத்தமுங்க, வேண்டாமுங்க!"

"பயப்படாதே. என் கையெழுத்தைப் பார்த்தா உங்க சாமியே சொக்கிப்போகும்."

கத்தி பட்டையை நெருங்கியது. கெஞ்சி ஆகாது என்று கண்டுகொண்ட செங்கோடன் மெல்லக் கேட்டான்:

"ஏனுங்க, அந்த நீலகிரி மரத்துல உங்க பேரு இருக்குதுங்களா?"

"பின்னே? முழ உயரத்துக்கு!"

"அம்மாம் பெரிய மரத்துல இருக்கற பேரை இந்தக் குட்டியில வெட்டறீங்களே! நாளைக்கு நாலு பேரு பார்த்தா, 'பாவம், மனுசன் கண்ட மரமே இவ்வளவுதானாட்டம் இருக்குது'ன்னு பேசமாட்டாங்களா?"

அர்த்தனாரி கத்தியைப் பார்த்தார். பிறகு அந்த மரத்தை, முதன்முதலாக, அடியிலிருந்து நுனி வரை பார்த்தார்.

"அதுவும் சரிதான்" என்று கத்தியை மடித்தார்.

நோம்பியன்று செங்கோடன் வீட்டுப் பானை பொங்கி வழிந்தது. கண்ணாயி கல்யாணமும் நடந்தது.

அர்த்தனாரி? அடுத்த மாதம் ஏற்காடு போனார். அங்கே ஒரு மரத்தைக் காட்டினார்கள். "இதுதானா? கொல்லிமலையில ஒண்ணு பார்த்தேன் பாரு, அது மரம்! இருபது பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது."

'இவரென்ன, எங்கள் ஊரில் இவரையே தோற்கடிக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார்' என்று சொல்ல வாயெடுத்தீர்களா? கொஞ்சம் இருங்கள். உங்கள் பையில் கத்தி கிடக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

மலையேறக் கிளம்பும் யாரைக் கண்டாலும் இந்தக் கதையைச் சொல்லி அனுப்புங்கள். மரத்தின் அளவை மட்டும் குறைத்தே சொல்லுங்கள்.