சிங்கம் போட்ட கெண்டி

ஒரு பாத்திரத்தை வெள்ளி என்று மனசார நம்பிவிட்டால், அது பளபளப்பதை அப்புறம் யாராலும் தடுக்க முடியாது. நான் நம்பினேன். அதுவும் பளபளத்தது. (அதன்மேல் தப்பே இல்லை.)

ஜெர்மன் யுத்தத்துக்கு முந்தின காலம். கலியாணமாகி ஆழ்வார்குறிச்சிக்கு வந்த புதுசு. பாளையங்கோட்டை மிஷன் போர்டிங்கில் படித்தவள் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதைவிடப் பெரிய கர்வம் ஒன்றும் உண்டு. சனிக்கிழமைகளில் போர்டிங்கை நடத்திய துரைசாணி அம்மாளின் பங்களாவில் வெள்ளிக் கரண்டிகளைத் துலக்கிக் கொடுத்தவள் நான். ஒவ்வொரு கரண்டியிலும் கடுகளவுக்கு ஒரு சிங்கம் குத்தியிருக்கும். சீமையில் அசல் வெள்ளிக்குத்தான் அந்த முத்திரை என்று அவர் ஒருமுறை சொன்னார். உலகத்திலுள்ள வெள்ளியையெல்லாம் தரம் பார்க்கும் அதிகாரம் அன்றைக்கே என் கைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

என் மாமனார் உபதேசியாராக இருந்து ஓய்ந்தவர். சீமைக்குத் திரும்பிப்போன கிழத் துரை ஒருவர் அவருக்கு ஞாபகார்த்தமாக ஒரு தேயிலைக் கெண்டியைக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் தேயிலை குடிப்பாரில்லை. மாமியார் அதில் சீயக்காய்த் தூள் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு தூள் எடுக்கப் போனேன். கெண்டியைச் சாய்த்தபோது அடியில் சிங்கம் தெரிந்தது. கூடவே இன்னும் சில குட்டி முத்திரைகள்.

குளிக்கவில்லை. எண்ணெய் முகத்தில் வழிய வீடு முழுக்க ஓடிச் சொன்னேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். மாமனார் தராசு வாங்கிவந்து நிறுத்தார். விலையை நான் மதித்தேன். உருக்கினால் வெறும் வெள்ளி விலை, பழைய சீமைச் சாமானாக விற்றால் அதைப்போல் பத்து மடங்கு என்றேன். (இந்தப் பத்து மடங்கு எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.) என் வீட்டுக்காரர் சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மாமியார் தொழுவத்துக்கு ஓடு போடவேண்டும் என்றார். மாமனார் அன்றைய குடும்ப ஜெபத்தில் அந்தத் துரைக்காக மன்றாடிய நீளத்துக்கு நாங்கள் எல்லோரும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தோம்.

கடைசியில் அவர்தான் முடிவு சொன்னார். என் நாத்தனார் ரோசுக்குப் பேட்டையிலிருந்து பெண் பார்க்க வரவிருந்தார்கள். பெரிய சீதனம் செய்ய வழியில்லையே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தவர், கெண்டியை ரோசுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். எங்களுக்கும் அது சரியாகப் பட்டது.

வந்தார்கள். கெண்டி நடுவீட்டில் பட்டுத்துணிமேல் உட்கார்ந்திருந்தது. பஞ்சு வியாபாரியான மாப்பிள்ளையின் தகப்பனார் அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீமைச் சாமான்னு சொல்லுதீக, சரி. வெள்ளி இம்புட்டு மங்கலாவா இருக்கும், உபதேசியாரே?" என்றார் பைய.

மாமனார் முகம் செத்துப்போனது. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

"மாமா, தீயில வச்சுக் காட்டிருவோம். வெள்ளின்னா தீ அத ஒண்ணும் செய்யாது."

என் வீட்டுக்காரர் கண்ணாலும் கையாலும் வேண்டாம் என்றார். (அவருக்கு என்ன தெரியும், பங்களாவில் கரண்டி துலக்கினவரா?) காப்பி போட்ட கரியடுப்பு கனிந்து கிடந்தது. அதன்மேல் கெண்டியை வைத்தேன். இரண்டு வீட்டாரும் அடுப்படி வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள்.

முதலில் மூக்கு தலைகுனிந்தது. வெள்ளி சூடேறினால் இப்படித்தான் கொஞ்சம் இளகும் என்று கூட்டத்துக்கு விளக்கம் சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் வயிறு அமுங்கியது, மூடி உள்ளே விழுந்தது, சிங்கமும் அதன் கூட்டாளிகளும் சொட்டுச் சொட்டாகக் கரிக்குள் இறங்கிச் சாம்பலில் போய்ச் சேர்ந்தன.

மாமியார்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஏட்டி, இனி சீயக்காய எதுல போட?"

அறைக்குள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய ரோசு வெடித்துச் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், விக்கி விக்கிச் சிரித்தாள். மாப்பிள்ளைக்கும் அது தொற்றிக்கொண்டது. அவருடைய தகப்பனார் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெண்டி கெடக்கட்டும் உபதேசியாரே. பிள்ள நல்லாச் சிரிக்கா, எங்களுக்கு அது போதும்" என்றார். மாமனார் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதமே கலியாணம் நடந்தது.

ஈயத்தில் செய்த சாமானுக்கும் வெள்ளிபோலவே சிங்கம் குத்தி விற்பது சீமையில் உண்டு என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அதற்குள் என் பெயர் பேட்டை வரைக்கும் பரவிவிட்டது. போன மாதம் என் மகளுக்கு வரன் சொல்ல வந்த அண்ணாச்சி, "பையன் சொக்கத் தங்கம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மகனைக் கூப்பிட்டு, "ஏலே, அடுப்புத் தீய முதல்ல அணச்சுட்டு வாலே" என்றார்.