இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தை எறிவார்கள், சிலர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். நான் புத்தகம் பரிந்துரைப்பேன். அப்படி நான் பரிந்துரைத்த ஒரு நாவலால் என் தங்கை கல்பனாவின் கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் தாம்பூலப் பைக்காக மல்லுக்கட்டினார்கள். அதை நினைத்தால் வெட்கத்தைவிட இன்றைக்கும் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. முதலில் என் மேல், அடுத்து தியாகராஜன் சார் மேல். (சில நாள் வரிசை மாறும்.)

மதுரையில் வாசகர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் ஆனால் ஒவ்வொருவரும் என்ன வாசிக்கிறோம், எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறோம், மற்றவர்களுக்கு எதைச் சொல்கிறோம் என்று அட்டைப் படத்தோடு பதிவு போட வேண்டும். நல்ல ஏற்பாடு. மனிதர்கள் இல்லாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கப்பலூரில் பிளாஸ்டிக் பாட்டில் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. மூடியைத் திருகிப் பார்த்து, ஒழுகுவதை ஒதுக்க வேண்டும். பகல் முழுக்கத் திருகிவிட்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து, துணி துவைத்து மடித்த பிறகு ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வாசித்தால் அதுவே எனக்குப் பெரிய காரியம். தியாகராஜன் சாருக்கு செல்லூரில் விசைத்தறிக் கூடம். தறியை மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள், இவர் காலை நீட்டி உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறார். வாரத்துக்கு நான்கு அட்டை போடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பதிவுக்குக் கீழே அவர் எழுதினார்: "மூணு வாரமா அதே அட்டை வருதே மேடம், மனப்பாடம் பண்றீங்களா?" பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி. அதற்குப் பதினொரு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அதில் மூன்று பேர் என்னிடம் வாங்கிய புத்தகத்தை இன்னும் திருப்பித் தராதவர்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பதில் எழுதி எழுதி அழித்தேன்.

அடுத்த ஞாயிறு ஒரு புத்தகக் கடைக்குப் போய், இருப்பதில் தடியான நாவலாகப் பார்த்துக் கையில் எடுத்தேன். நானூற்று எண்பது பக்கம். அட்டையில் ஒரு வீடு, வாசலில் கோலம், மாடத்தில் விளக்கு. (பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதியவர் மேல் ஒரு தப்பும் கிடையாது.) போட்டோ எடுத்துக்கொண்டு, புத்தகத்தை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து பதிவு போட்டேன்: "ஒரே வாரத்தில் முடித்தேன். இரண்டு இடங்களில் அழுதேன். ஒவ்வொரு குடும்பமும் சேர்ந்து வாசிக்க வேண்டிய நாவல்." ஒரு மூடியைக்கூடத் திருகிப் பார்க்காமல் வெளியே அனுப்பாதவள், ஒரு நாவலைத் திறந்தே பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

"ஒரு வாரத்துல 480 பக்கமா, வாழ்த்துகள் மேடம்" என்று தியாகராஜன் சார் எழுதினார். அந்தத் திங்கட்கிழமை முழுவதும் நான் நிம்மதியாக மூடி திருகினேன்.

புதன்கிழமை ரத்தினவேல் மாமா போன் செய்தார். கல்பனாவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையின் அப்பா. எங்கள் குழுவில் அவரும் இருக்கிறார், ஆனால் பதிவு போடாமல் படிக்க மட்டும் செய்கிற ஆள் என்பதால் எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"தாயி, ஒம் பதிவைப் பாத்தேன். அம்புட்டுக் குடும்பமும் படிக்கணும்னு போட்டிருக்க. நம்ம கல்யாணத்துல தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா அதையே போட்ருவோமா?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "மாமா, நான் அதைப் படிக்கவில்லை" என்பது நான்கே சொற்கள்தான். ஆனால் அது குழுவுக்குப் போகும், தியாகராஜன் சார் அந்த மஞ்சள் மூஞ்சியைப் போடுவார் என்பது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

"தாராளமாப் போடலாம் மாமா," என்றேன்.

"சந்தோசம். மொதப் பக்கத்துல ஒட்டுறதுக்கு எம் பேர்ல ரெண்டு வரி எழுதிக் குடு. எனக்கு எழுத வராது."

எழுதிக் கொடுத்தேன். 'இந்த நாவலில் வரும் குடும்பத்தைப் போலவே எங்கள் குடும்பமும் விளங்க வாழ்த்துங்கள். அன்புடன், மணமகனின் தந்தை.' மொத்தம் இருநூறு பிரதி. எனக்கென்று ஒன்றை அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

கப்பலூர் பஸ்ஸில் வாசிக்க ஆரம்பித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. பெண் பார்த்தார்கள், பந்தல் போட்டார்கள், மாமனார் வாய் நிறைய மருமகளை வரவேற்றார். அதோடு எங்கள் வீட்டுக் கல்யாண வேலை கழுத்தைப் பிடித்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் முடிவை முன்கூட்டிப் பார்ப்பவர்கள் வாசகர்களே அல்ல என்று குழுவில் ஒருமுறை முழங்கியதும் நான்தான்.

கல்யாணம் காலையில் நல்லபடியாக முடிந்தது. பந்தியில் இலை போட்டிருந்தார்கள். ரத்தினவேல் மாமா மண்டப வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் பையைத் தன் கையாலேயே கொடுத்துக்கொண்டிருந்தார். குழுவில் எல்லோருக்கும் அவர் பத்திரிகை வைத்திருந்ததால் தியாகராஜன் சாரும் வந்திருந்தார். பையும் கையுமாக நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், நீங்க சொன்னீங்கன்னு அன்னிக்கே வாங்கி நானும் முடிச்சிட்டேன். நீங்க எந்த ரெண்டு எடத்துல அழுதீங்க?"

"அது... பொதுவா சார்."

"ஏன்னா இருநூத்திப் பதினாலாம் பக்கத்துல மருமக மாமனாரைக் கிணத்துல தள்ளி விடுறா. அடுத்த பக்கத்துல மாமியார்க்காரி, 'நான் என்னைக்கோ செஞ்சிருக்கணும்'ங்குறா. மூணு வருசமா அந்தப் புள்ளையப் பொறந்த வீட்டுக்கே அனுப்பாம அடைச்சு வச்சிருந்த ஆளு, தள்ள வேண்டியதுதான். ஆனா அந்தக் குடும்பத்தைப் போலவே வெளங்கணும்னு அச்சடிச்சு ஒட்டியிருக்கே, அதைத்தான் புரிஞ்சுக்க முடியல."

அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வாசலுக்கு ஓடினேன். பாதிப் பை போய்விட்டது. படி இறங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கையிலிருந்த பையைப் பிடித்து, "இதுல ஒரு தப்பு நடந்துபோச்சும்மா, குடுங்க" என்று இழுத்தேன். நான் இழுத்தது மாமாவின் அக்காவை. திருவாதவூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். அவரும் விடவில்லை.

"ஏத்தா, குடுத்த பையப் பிடுங்குறியே, இதான் ஒங்க வீட்டு மரியாதையா? எங்காளுக தின்னுட்டு வெறுங்கையோட போகணுமா?"

"புத்தகத்தை மட்டும் குடுங்கம்மா."

"எந் தம்பி குடுத்தது. அவன் வந்து கேக்கட்டும்."

பெண் வீட்டார் பையைத் திரும்பப் பிடுங்குகிறார்கள் என்ற செய்தி பந்தி வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டில் நாலு பேர் சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுந்து வந்தார்கள். எங்கள் சித்தப்பா விஷயம் என்னவென்று தெரியாமலே வேட்டியை மடித்துக் கட்டினார். கடைசியில் மாமா என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ படிக்கவே இல்லையா?"

"நூத்திப் பன்னெண்டு பக்கம் படிச்சேன் மாமா."

அவர் முகம் கறுத்துவிட்டது. "எம் பேரைப் போட்டு, எங் கையாலயே குடுக்க வச்சிட்டியேம்மா" என்றார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குள் விஷயம் முழுக்கத் தெரிந்துகொண்ட கல்பனா மாலையும் கழுத்துமாக என்னை மணமகள் அறைக்குள் இழுத்துப் போனாள். "நீ பாட்டுக்குக் கப்பலூர் போயிருவ. நான் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போறேன். அவரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது? ஒரு மூஞ்சிப் பொம்மைக்காக எம் பொழப்பையா வச்சு வெளையாடுவ?" அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் சரியான பேச்சுவார்த்தை கிடையாது. அந்த மாதத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கல்பனா புகுந்த வீட்டில் தயங்கித் தயங்கி, "ரெண்டு நாள் போயிட்டு வாரேன்" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அங்கே வந்திருந்த திருவாதவூர் அத்தை, "இப்பத்தான வந்த, அதுக்குள்ள என்ன?" என்று ஆரம்பித்திருக்கிறார். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாராம்:

"பேசாம அனுப்பி விடுக்கா. நான் இருநூத்திப் பதினாலாம் பக்கத்தைப் படிச்சிட்டேன். நமக்குக் கிணறு இல்லைன்னாலும் மாடியில தண்ணித் தொட்டி இருக்கு."

முதலில் சிரித்தது மாமியார்தானாம். கல்பனா அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதன் பிறகுதான் மாமா என்னிடமும் பேசினார்.

இப்போது அந்த வீட்டில் கல்பனா பிறந்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்றால் "மாமா, இருநூத்திப் பதினாலு" என்றால் போதும். "கெளம்பு தாயி" என்று அவரே ஆட்டோ பிடித்து வருகிறார். நான் ஏதாவது தோசைக் கடையைப் பற்றி நல்லபடியாகச் சொன்னால், "எத்தனாம் பக்கம் வரைக்கும் சாப்ட?" என்று குடும்பமே கேட்கிறது.

என் கோபம் மட்டும் ஆறவில்லை. வெளியே போன நூறு பிரதியைப் பற்றி இன்றுவரை ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. யாரும் படிக்கவில்லை. திருவாதவூர் அத்தை வீட்டில் அது ஆடுகிற பீரோவுக்கு முட்டாக இருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். இதற்காகவா அன்றைக்கு நான் அந்த ஓட்டம் ஓடினேன்?

என் பிரதியில் அடையாளத்துக்கு வைத்த கல்யாணப் பத்திரிகை இன்னும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. தியாகராஜன் சார் வருடா வருடம் கல்பனாவின் கல்யாண நாளன்று அதே அட்டையைக் குழுவில் போட்டு, 'மறுவாசிப்பு' என்று எழுதி, என் பெயரையும் சேர்த்துவிடுகிறார். கூடவே அந்த மஞ்சள் மூஞ்சி. முழுதாக வாசித்து முடியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதற்கு? கிணற்றில் யாரைத் தள்ள வேண்டும் என்பது எனக்கு வாசிக்காமலே தெரியும். அவர் செல்லூரில் இருக்கிறார்.