மூக்குச்சாமியும் பதினோரு கிடாய்களும்

எங்கள் தெருவில் ஆளுக்கு நாலைந்து பால் ஆடுகள் உண்டு. மூளை எத்தனை உண்டு என்றுதான் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

மூக்குச்சாமி வந்த காலையில் தெரு நிரம்பி வழிந்தது. பாலில் அடிக்கிற நாற்றத்துக்குக் காரணத்தை முகர்ந்தே கண்டுபிடித்துப் போக்குகிறவர் என்று பேச்சு. எல்லார் கையிலும் பால் பாத்திரம். வரிசையில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு. சாமி, ஆட்டுக்குக் கட்டுகிற மணியைத் தன் கழுத்தில் கட்டியிருந்தார். யாரை யார் மேய்க்கப் போகிறார் என்று அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை உருட்டுவார். "கெட்ட காத்து! கிடாய்க்குள்ள பூந்துகிட்டுப் பால்ல ஊதுது!" என்று அலறுவார். கிடாயை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒரே வாரத்தில் நாற்றம் போய்விடும்.

போகவும் போனது! நாற்றம் என்று திருப்பி அனுப்பிய வீடுகளின் பாலைப் பால் நிலையத்தில் மறுபடி வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? பதினோரு வீட்டுக் கிடாய்கள் சாமியின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன. பதினோராவது என்னுடையது. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டை ஆடு பருவத்துக்கு வந்தால் கிடாய்க்கு எங்கே போவது? சாமியிடம்தான். "சுத்தம் பண்ணின கிடாய்" என்று அதற்குத் தனிக் காணிக்கை. என் ஆட்டை என் கிடாயோடு சேர்க்க நானே காசு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஆசீர்வாதமும் பண்ணினார், பெரிய மனசு.

மிச்சம் இருந்தது தையல்காரம்மா வீட்டுக் கிடாய் ஒன்றுதான். அவர் வீட்டுப் பாலையும் மூன்று நாளாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பஸ் ஓட்டுகிற கணவர் ஆடிப்போய்விட்டார்.

"இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனா நிலையத்துல நம்ம பேரையே அடிச்சிடுவாங்க. கிடாயைக் குடுத்துத் தொலைச்சிடு!"

"எதைத் தொலைக்கறது? இவன் அம்மா ஒரு நாளைக்கு மூணு லிட்டர் கறந்தவ. மடி பாத்து, காம்பு பாத்து, ஏழு வருஷமாப் பொறுக்கிச் சேத்த வம்சம். இவன் போயிட்டா நாளைக்கு என் கொட்டகையில என்ன குட்டி பொறக்கணும்னு அந்த ஆளா முடிவு பண்றது?"

"அதுக்காகச் சாமியோட சண்டை போடுவியா?"

"சண்டை எதுக்கு? எனக்கும் மூக்கு இருக்கு."

அன்றே கிடாயைத் தோட்டத்தின் கடைசி மூலையில் கொண்டுபோய்க் கட்டினார். கொட்டகையைக் கழுவிவிட்டார். குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் பால் கறந்தார். ஐந்தாம் நாள் நிலையத்தில் பேசாமல் பாலை வாங்கிக்கொண்டார்கள். இதைத் தெருவில் சொன்னால் நம் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்களா? "சாமி தெருவுக்கு வந்த புண்ணியம், உங்க வீட்டுக்கும் பாயுது" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியே கிடாயை ஓட்டிப்போகக் கயிறோடு வந்துவிட்டார், பின்னால் பெருங்கூட்டத்தோடு. தையல்காரம்மா தையல் மேசைமேல் மூடிய செம்பு இரண்டு வைத்திருந்தார்.

"சாமி, இதுல எதுல கெட்ட காத்து இருக்குன்னு சொல்லுங்க. கிடாயை நானே அவுத்துக் கையில குடுத்துடறேன்."

கணவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

சாமி முதல் செம்பைத் திறந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "சுத்தம்! இது நான் சுத்தம் பண்ணின வீட்டுப் பால்!" இரண்டாவதைத் திறந்தவர் துள்ளிப் பின்வாங்கினார். "இதுதான்! உன் கிடாயோட காத்து இதுலதான் ஊதியிருக்கு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"வாத்தியாரே, இது யார் வீட்டுப் பால்?" என்று தையல்காரம்மா என்னைப் பார்த்தார்.

நான் முன்னால் வந்து சொன்னேன். "ரெண்டும் என் வீட்டுப் பால். காலைல ஒரே ஆட்டுல, ஒரே கறவையில கறந்து நான்தான் கொண்டுவந்து குடுத்தேன்."

தையல்காரம்மா மேசைக்கடியிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து உதறினார். முன்வரிசை மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டது.

"என் கிடாயோட தலையையும் தாடியையும் துடைச்ச துணி. ஒரு செம்பைத் திறந்து ரெண்டு மணி நேரம் இது பக்கத்துல வெச்சேன். அவ்வளவுதான். பருவத்துல கிடாய் தன் தாடியிலயே மூத்திரம் பேஞ்சுக்கும். அதைப் பெட்டைங்களோட கட்டிவெச்சா நாத்தம் மடியில, கையில, பால்ல எல்லாம் ஏறும். தள்ளிக் கட்டினாப் போயிடும். இதுக்கு மந்திரம் எதுக்கு? நீளமா ஒரு கயிறு போதும்."

சாமி தடுமாறினார். "காத்து... அந்தத் துணிக்குள்ளயும் பூந்திருக்கு..."

"அப்ப துணியைக் கூட்டிட்டுப் போங்க. கிடாயை விட்டுடுங்க."

யாரோ ஒருவர் குபுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், தெருவே சிரித்தது. மணி கிணுகிணுக்கச் சாமி ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்று மதியமே பதினோரு கிடாய்களும் வீடு திரும்பின. என்னுடையது என்னைக் கண்டதும் தாடியை நனைத்துக்கொண்டது. எனக்கு அந்த மரியாதை சரிதான்.

கதை இதோடு முடிந்தது என்றா நினைத்தீர்கள்? மறுநாள் காலையில் தையல்காரம்மா வீட்டு வாசலில் ஐந்தாறு பேர், பயபக்தியோடு.

"அம்மா, அந்தத் துணியில ஒரு துண்டு குடுங்கம்மா. கொட்டகை வாசல்ல கட்டிக்கறோம்."

தையல்காரம்மா மிஷினை நிறுத்தினார். "கிழிஞ்ச சட்டை இருந்தாக் கொண்டாங்க, தெச்சுத் தரேன். தலைக்குள்ள இருக்கறதை நீங்கதான் எடுத்துப் பொழங்கணும். அதுக்கு என்கிட்ட ஊசி இல்ல."