முயலுக்குத் திறக்காத வேட்டை வரைபடம்

ஒரு காட்டில் செங்கமலம் என்றொரு முயல் நாலு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. அந்தக் காட்டுச் சிங்கராஜா நியாயவான். நாளை எந்தப் பக்கம் வேட்டைக்கு வருவார் என்பதை இன்றே இணையத்தில் வரைபடமாகப் போட்டுவிடுவார். சாப்பிடுவதை மட்டும் விட்டதில்லை.

ஒரு நாள் செங்கமலத்தின் மடிக்கணினியில் அந்த வரைபடம் திறக்கவில்லை. அதைக் காட்டும் செயலி இல்லையாம். குட்டிகளோடு எந்தப் பக்கம் ஓடுவது என்று முயலுக்குத் தெரியவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு, குட்டிகள் பின்தொடர, ஆமை தீர்த்தகிரியிடம் போனது.

கணினியை இயக்கும் லினக்ஸில் பல வகை உண்டு; ஆமை அதில் டெபியன் பக்தன். "பதறாதே தங்கச்சி. டெபியன்ல நல்லா சோதிச்சதைத்தான் தருவாங்க. ஒரே வரிக் கட்டளையில போட்டுடலாம்."

போட்டது. வந்தது பழைய பதிப்பு. ராஜாவின் புது வரைபடம் அதற்குப் புரியவில்லை.

"அடுத்த வெளியீட்டுல சரியாயிடும். ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ" என்றது ஆமை. ஓட்டுக்குள் இருப்பவருக்கு என்ன அவசரம்.

பக்கத்துப் புதரிலிருந்து முள்ளம்பன்றி பொம்மி சிரித்தது. அது ஜென்டூ என்ற இன்னொரு லினக்ஸின் கட்சி. "யாரோ கட்டிக் கொடுத்த பொட்டலத்தை எதுக்குக்கா நம்பணும்? மூலநிரலை இறக்கி நம்ம கணினியிலேயே செயலியாத் தொகுத்துக்கணும்."

தொடங்கியது. செயலிக்குத் துணையாக இன்னொரு மென்பொருள் வேண்டுமாம். அந்தத் துணைக்கு ஒரு துணை. கணினி அடுப்பாகச் சுட்டது. குட்டிகள் அதன்மேல் படுத்துத் தூங்கின. விடிந்தும் வேலை முடியவில்லை. எது சிறந்தது என்று ஆமையும் முள்ளம்பன்றியும் போட்ட சண்டையும் முடியவில்லை.

பின்னால் யாரோ செருமினார்கள். ராஜா.

"இன்னைக்கு இந்தப் பக்கம்தான்னு போட்டிருந்தேனே, பார்க்கலையாம்மா?"

"திறக்கலீங்க."

"அடடா" என்று உண்மையாகவே வருத்தப்பட்டு ராஜா பாதத்தை ஓங்கினார். செங்கமலம் குட்டிகளை மறைத்து நின்றது. ராத்திரி முழுக்கக் கேட்டதுதான் வாயில் வந்தது.

"ராஜா என்ன லினக்ஸ் வச்சிருக்கீங்க?"

பாதம் அந்தரத்தில் நின்றது.

"லினக்ஸா? நானா?" ராஜா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நான் ஃப்ரீபிஎஸ்டி. அது லினக்ஸே இல்ல. அதுல அடிப்படை அமைப்பு தனி, மேல போடுற மென்பொருள் தனி. ஒண்ணோட ஒண்ணு கலக்காது."

"எங்களுக்கு மட்டும் கலந்தா போச்சு?" என்று ஆமை கழுத்தை நீட்டியது.

"ரெண்டு பேருக்குமே புரியல" என்றது முள்ளம்பன்றி.

செங்கமலம் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது. கடைசிக் குட்டிக்குத் திரும்பி வந்தபோது, "கொஞ்சம் தள்ளிக்கம்மா, திரை தெரியல" என்றார் ராஜா.

அந்தச் செயலியைக் கணினி இன்னும் தொகுத்துக்கொண்டிருக்கிறது. சண்டையும் ஓயவில்லை. ராஜா மெலிந்துவிட்டார்.

நீதி: உயிருக்கு ஆபத்து வந்தால் கடவுளைக் கூப்பிடாதீர்கள். எந்த லினக்ஸ் நல்லது என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.