ஆஸ்டின் ஆக்ஸ்ஃபோர்ட்

காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, 'டட்சன்' என்ற வெள்ளி எழுத்துகளை ஸ்குரூட்ரைவரால் நெம்பிக்கொண்டிருந்தார் சூசைரட்ணம். முதல் எழுத்து தெறித்துப் போய்ப் பீட்ரூட் பாத்தியில் விழுந்தது.

"என்னங்க பண்றீங்க?" கையில் கரண்டியோடு ஓடிவந்தாள் அவர் மனைவி பவுலின். "வந்து ஒரு வாரங்கூட ஆகல. அதுக்குள்ள பிச்சுப் போடுறீங்களே!"

"சத்தம் போடாத. துரை காதுல விழுந்துச்சுன்னா கார் மட்டுமில்ல, நாமளும் இந்தத் தோட்டத்துல இருக்க முடியாது."

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே இருந்த பெல்ஃபோர்ட் தேயிலைத் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் அவர். இத்தனை வருஷ உத்தியோகத்தில் தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு திட்டுக்கூட வாங்கியதில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. அந்தப் பெருமைக்குத்தான் அன்று காலை, தேயிலைத் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் கணேசமூர்த்தி வேட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

புதுக் காரைப் பார்க்கவென்று தொழிற்சாலையிலிருந்து வந்த கணேசமூர்த்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அம்சமான கார்தான், கிளாக்கர். ஆனா ஜப்பான் காராப் பார்த்து வாங்கியிருக்கீங்களே! நம்ம கார்ஸ்டன் துரை சண்டைக் காலத்துல பர்மாவுல இருந்தவராச்சே."

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? அவரு ஏன் காலை இழுத்து இழுத்து நடக்குறாருன்னு நினைச்சீங்க? ஜப்பான்காரன் சுட்ட குண்டு. ஜப்பான்னு சொன்னாலே முகம் செவந்து போயிருமாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

தோட்டத்தில் 'எல்லாரும்' சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது.

அது அறுபத்திரண்டாம் ஆண்டு. மலைநாட்டில் கார் என்றால் ஆஸ்டின், மோரிஸ், ஹில்மன். ஜப்பான் கார் ஒன்று ஹட்டன் கடைத்தெருவில் வந்து நின்றால் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை விட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். கொழும்பில் வேலைக்கு வந்திருந்த ஒரு ஜப்பான் எஞ்சினியர், தன் மனைவிக்காகக் கப்பலில் கொண்டுவந்த வண்டி இது. அவர்கள் ஊர் திரும்பியபோது பவுலினின் அண்ணன் கஸ்பர் பேசி முடித்து வாங்கிக் கொடுத்தார்.

புளூபேர்ட், அதாவது நீலக் குருவி, என்று பெயர். பெண்களுக்கென்றே செய்த மாடலாம். வெயில் மறைப்பைக் கீழே இழுத்தால் முகம் பார்க்கும் கண்ணாடி. குதியுயர்ந்த செருப்பைக் கழற்றி வைக்கத் தனி இடம். பவுலினிடம் அந்த மாதிரிச் செருப்பு இல்லாததால் அதில் வறுத்த கடலை வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் விசேஷம் அந்தப் பாட்டு. திரும்புவதற்காகச் சிக்னல் விளக்கைப் போட்டால், உள்ளேயிருந்து ஒரு சின்ன இசைப்பெட்டி கிணிங் கிணிங்கென்று ஒரு மெட்டு வாசிக்கும். தலவாக்கலையிலிருந்து தோட்டத்துக்கு வரும் பாதையில் நேரான இடம் என்று ஒன்றும் இல்லாததால், முதல் நாள் பவுலின் வழி நெடுகக் கச்சேரி கேட்டுக்கொண்டே வந்தாள்.

"'டட்சன்'னா எவ்வளவு அழகான பேரு! அதைப் போயி நெம்புறீங்களே," என்றாள் இப்போது. "அந்த எஞ்சினியர் அண்ணன்கிட்ட கதையே சொன்னாராம். ஆதியில இந்தக் கம்பெனிக்குக் கைகொடுத்தவங்க மூணு பேரு. டென், அவோயாமா, தகெயுச்சி. மூணு பேரோட இங்கிலீசு முதல் எழுத்தைச் சேர்த்தா 'டட்'. அவங்க பாஷையில அது தப்பிச்சு ஓடுற முயல் மாதிரியும் கேக்குமாம்."

"எனக்கும் இப்ப அப்படித்தான் இருக்கு."

"கேளுங்க. அப்புறம் சின்னதா ஒரு கார் செஞ்சு, டட்டோட மகன்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீசுல 'டட்சன்'னு வச்சாங்களாம். பார்த்தா, அந்த 'சன்'னுக்கு ஜப்பான் பாஷையில நட்டம்னு அர்த்தமாம்! உடனே 'ஓ'வை 'யூ'ன்னு ஒரே ஒரு எழுத்தை மாத்தி, மகனைச் சூரியனாக்கிட்டாங்க."

"பார்த்தியா? ஒரு எழுத்தை மாத்தினா நட்டம் தீரும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு," என்றார் சூசைரட்ணம், கடைசி எழுத்தை நெம்பியபடி. "நான் மொத்த எழுத்தையும் மாத்திடுறேன்."

எழுத்து போனது. ஓட்டைகள் நின்றன. மழை பெய்தால் அவை வழியே பின்பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும் என்று தோன்றவே, பவுலினையும் ஏற்றிக்கொண்டு, காரை ஹட்டனில் மெக்கானிக் ஆண்டியப்பனிடம் கொண்டுபோனார்.

ஆண்டியப்பன் ஓட்டைகளைப் பார்த்தார், கிளாக்கரின் முகத்தைப் பார்த்தார்.

"அடைச்சிரலாங்க ஐயா. ஆனா பேரில்லாத கார் ஓடினா பொலிஸ்காரன் திருட்டுக் கார்னு நிப்பாட்டுவானே. கழிச்சுப் போட்ட ஆஸ்டின் ஒண்ணு பின்னால நிக்குது. அந்த எழுத்தை எடுத்துப் போட்டுருவமா?"

"பொய்யில்லையா அது?"

ஆண்டியப்பன் முன்மூடியைத் தூக்கினார். "முழுப் பொய்யுன்னு சொல்ல முடியாதுங்க. இந்த ஜப்பான் கம்பெனி, ஆஸ்டின்காரங்ககிட்ட அனுமதி வாங்கி, கொஞ்ச வருஷம் அவங்க காரையே ஜப்பான்ல வச்சுச் செஞ்சிச்சு. இந்த எஞ்சினும் அந்த வம்சந்தான். பாருங்க."

சூசைரட்ணம் எட்டிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் மனச்சாட்சி லேசானது. அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைப் பாதிப் பொய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எழுத்துகளில் 'யூ' மட்டும் உடைந்திருந்தது. வேறேதோ காரிலிருந்து ஒரு குட்டி 'யூ'வைத் தேடிப் பிடித்து ஆண்டியப்பன் ஒட்டிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது, தோட்டத்து எல்லை வளைவிலேயே துரையின் ஜீப் எதிரே வந்து நின்றது.

கார்ஸ்டன் துரை தோட்டத்தில் கற்ற தமிழை விட்டுக்கொடுக்காதவர். கிளாக்கரானாலும் கங்காணியானாலும் தமிழில் 'நீ'தான்.

"கிளாக்கர்! இது என்ன சாதி கார்?"

"ஆஸ்டின்ங்க, துரை."

துரை இறங்கிக் காலை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். குனிந்தார். எழுத்துகளை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஆஸ்டின்ல எந்த ஆஸ்டின்?"

கேம்பிரிட்ஜ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் சூசைரட்ணம். "ஆஸ்டின் ஆக்ஸ்ஃபோர்ட்ங்க," என்று வந்தது.

"ஆஸ்டின் என்றால் கேம்பிரிட்ஜ். ஆக்ஸ்ஃபோர்ட் என்றால் மோரிஸ்."

"ரெண்டு கம்பெனியும்தான் ஒண்ணாச் சேர்ந்துட்டாங்களே, துரை. காலேஜும் சேர்ந்துருச்சுங்க."

துரை மறுபடியும் எழுத்துகளின் மேல் குனிந்தார். "இந்த 'யூ' ஏன் சின்னது?"

"புது மாடல்ங்க, துரை."

"மழைக்கு விழாதா?"

"விழாதுங்க."

"யாராவது பார்த்து, இது என்ன கார் என்று உன்னைக் கேட்டதா?"

"யாரும் கேக்கலைங்க, துரை," என்றார் சூசைரட்ணம். பொலிஸ் விசாரணைகூட இப்படி இருக்காது.

தப்பித்தோம் என்று வண்டியைக் கிளப்பினார். கை பழக்கத்தில் சிக்னலைப் போட்டுவிட்டது. கிணிங் கிணிங்கென்று பாட்டு ஆரம்பித்தது.

"நில்! என்ன சத்தம்?"

"என் சம்சாரம் பாடுதுங்க, துரை."

பவுலின் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவரின் முழங்கை விலாவில் இடித்ததும், "ம்ம்... ம்ம்..." என்று தொடங்கினாள். கார் ஒரு மெட்டில் போனது, அவள் ஒரு மெட்டில் போனாள்.

துரை ஜன்னலுக்குள் தலையை நீட்டி வெகு கவனமாகக் கேட்டார். பிறகு கவலையோடு, "இதை நிறுத்த ஏதாவது வழி இருக்குதா?" என்றார்.

"சொல்லிப் பார்க்கிறேங்க, துரை."

அன்று பவுலின் சோற்றுக்குக் குழம்பு வைக்கவில்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. பெரிய கிளாக்கர் சம்சாரம் காரில் போகும்போதெல்லாம் பாடுகிறாள் என்ற செய்தி தொழிலாளர் லயங்களைத் தாண்டித் தலவாக்கலை மாதா கோயில்வரை போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாடகர் குழுவை நடத்தும் சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நாள் திறமையை ஒளிச்சு வச்சிட்டியே, பவுலின்," என்று குறைபட்டார். மறுப்புச் சொன்னால் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அவளுடைய தொண்டையோ, கோழியை விரட்ட மட்டும் பழகியது.

"இனிமே சிக்னலே போடல," என்று சூசைரட்ணம் முடிவெடுத்தார். "கையைக் காட்டுறேன்."

கையைக் காட்ட வேண்டுமானால் ஜன்னலைத் திறக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் மழை உள்ளே வரும். அது விடாத மழைக்காலம். ஒரு பின்னேரம் தொழிற்சாலைக்குக் கீழே இருந்த கொண்டை ஊசி வளைவில், நனைந்த வலது கையை வெளியே நீட்டியபடி, இடது கையால் ஸ்டியரிங் வட்டை ஒடித்தார். எதிரே தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி. ஒரு கை போதவில்லை. நீலக் குருவி மெதுவாக, மிகுந்த மரியாதையோடு, பாதையோரத்து மழைநீர்க் கானுக்குள் இறங்கி உட்கார்ந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. மடியில் கொட்டிய கடலையைப் பவுலின் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஆட்கள் ஓடிவந்தார்கள். கயிறு கட்டி இழுத்தார்கள். காரை மேலே ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், ஜீப் பக்கத்தில் துரை நின்றார்.

அவர் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து, அனுமதி கேட்காமல் வட்டின் முன்னால் உட்கார்ந்தார். வெயில் மறைப்பை இறக்கினார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"நல்ல கார். மலை ஏறுதா?"

துரைக்கு ஆசை வந்தால் இன்னும் கிண்டுவார். கிண்டினால் உண்மை வெளியே வரும். ஆசையை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று சூசைரட்ணம் நினைத்தார்.

"ஏறவே ஏறாதுங்க, துரை. தள்ளித்தான் கொண்டுவர்றோம்."

"பெட்ரோல்?"

"தண்ணியாக் குடிக்குதுங்க."

"உன் சம்சாரத்துக்குப் பிடிக்குதா?"

"திட்டாத நாளில்லைங்க. சும்மா குடுத்தாக்கூட யாரும் வாங்கக் கூடாத காருங்க, துரை."

துரையின் முகம் வாடிவிட்டது. வட்டின் மேல் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பவுலினுக்கு என்ன தோன்றியதோ, பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தவள் மடியிலிருந்த கடலை மறுபடியும் சிதற எழுந்து வந்தாள்.

"பொய்ங்க துரை! எல்லாம் பொய்! இந்த மலை என்ன, பிதுருதலாகலை உச்சிக்கே பாதை போட்டாலும் ஏறும். பெட்ரோல் போட்டதே மறந்துபோற அளவுக்கு ஓடும். நான் பாடவுமில்ல, கார்தான் பாடுது. பொம்பளைக்கு என்ன வேணும்னு யோசிச்சு ஒருத்தன் கார் செஞ்சிருக்கான், துரை! அவன் ஆஸ்டின்காரன் இல்ல. ஜப்பான்காரன்! இது ஜப்பான் கார்!"

கயிறு பிடித்திருந்த ஆட்கள் ஆவென்று பார்த்தார்கள். துரையின் முகம், கணேசமூர்த்தி சொன்ன மாதிரியே, காதுவரை சிவந்தது. சட்டென்று இறங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "போ, போ, எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போ!" என்று ஆட்களை விரட்டினார். பிறகு கிளாக்கரின் பக்கத்தில் வந்து குரலை இறக்கினார்.

"காலையில பங்களாவுக்கு வா. ஆபீஸ் இல்லை, பின்வாசல். இந்தக் காரையும் கொண்டு வா. யாரிடமும் பேசாதே."

பின்வாசல் என்றால் என்னவென்று சூசைரட்ணத்துக்குத் தெரியும். முன்வாசல் வழியாக உத்தியோகத்துக்குச் சேர்ந்தவரைப் பின்வாசல் வழியாக அனுப்புகிறார்கள்.

மறுநாள் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டார். பவுலினும் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?"

"வாயை விட்டது நான்தானே. திட்டு வாங்குறதையும் சேர்ந்தே வாங்குவோம்." வெயில் மறைப்பை இறக்கி, கண்ணாடியில் பார்த்து நெற்றிமுடியை ஒதுக்கினாள். "கோவமா?"

சூசைரட்ணம் யோசித்தார். கோபம் வரவில்லை. துரைக்கு முன்னால் ஒரு தடவைகூட தான் இப்படிச் சத்தமாக உண்மை பேசியதில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது.

"நீ சொன்னது சரிதான். ஏறத்தான் செய்யுது," என்றார்.

பங்களா வளைவில் ஜன்னலை ஏற்றிவிட்டுச் சிக்னலைப் போட்டார். போகிற வேலை பாட்டோடு போகட்டும். கிணிங் கிணிங்கென்று ஊருக்கே கேட்கும்படி கார் திரும்பியது.

பின்வாசலில் பங்களாச் சமையல்காரர் அழகுமுத்து, வாயில் விரலை வைத்தபடி பதறிக்கொண்டு ஓடிவந்தார். தோட்டப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னலருகே குனிந்து கிசுகிசுத்தார்.

"சத்தத்தை நிப்பாட்டுங்க, கிளாக்கரய்யா! துரை உங்களுக்கு முன்னாடியே இதே மாதிரி ஜப்பான் கார் ஒண்ணு வாங்கிட்டு, கிளப்புல மத்தத் துரைமாரு சிரிப்பாங்கன்னு ஷெட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்காரு; அதை எப்படி வெளிய எடுக்கிறதுன்னு இத்தனை நாளா உங்களைப் பார்த்துத்தான் படிச்சுக்கிட்டு இருக்காருங்க!"