ஹீட்டர் அக்காவும் பத்து கிலோ இரும்பும்

இரும்புக்குப் பசி எடுக்கும் என்று நம்பிய ஒரே மனுஷி இந்தப் பூமியில் திருப்பதியில்தான் இருந்தார். ரேணிகுண்டா ரோட்டில் ஒரு தகர ஷெட். கம்பெனிகளுக்கு ஹீட்டர் சுற்றிக்கொடுப்பது வேலை. சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது, ஹீட்டர் அக்கா. கரண்டு பில்கூட அந்தப் பேரில்தான் வந்தது என்பார்கள்.

சூடாக்க வேண்டிய இரும்புத் துண்டை நேரில் பார்த்தாக வேண்டும் அக்காவுக்கு. மெட்ராஸிலிருந்து ஒருவர் அளவெல்லாம் போட்ட வரைபடத்தோடு வந்தார். "ஜாதகம் வேணாம் சாரு, பொண்ண இட்டுக்கினு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். துண்டு வந்ததும் மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சூடு எந்த ஓரத்தில் நுழைந்து எந்த மூலையில் போய்ப் படுக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். அதற்குள் டீ ஆறி ஆடை கட்டும். ஒருமுறை காக்கா வந்து பன்னைத் தூக்கிக்கொண்டு போனது. திரும்பி வந்து இன்னொரு பன்னையும் தூக்கிக்கொண்டு போனது. அக்கா கண் திறக்கவில்லை. திறந்தபோது வாயில் ஓர் எண் தயாராக இருந்தது. "எண்ணூறு வாட்டு."

வீட்டுக்காரர் குவைத்தில். நீங்களும் போகலாமே என்றால், "அங்க இரும்பு சும்மாவே வெந்துக்கினு கீதாம். நான் போயி இன்னா பண்றது" என்பார்.

வெளிநாட்டுப் பழைய மெஷின்கள் ஊர் ஊராக வந்து இறங்கிய காலம். சித்தூரில் நான் சேர்ந்திருந்த மாம்பழக் கூழ் கம்பெனிக்கும் ஒன்று வந்தது. பாக்கெட்டின் வாயை அழுத்தி ஒட்டும் இரும்புக் கட்டையில் ஹீட்டர் எரிந்துபோயிருந்தது. புதிது எத்தனை வாட் என்று நான் சொல்ல வேண்டும். பெங்களூர் பார்ட்டி பார்க்க வரும் அன்று மெஷின் ஓடினால் வேலை பர்மனென்ட். ஓடாவிட்டால் சொந்த ஊர் நகரிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

டிப்ளமோ முடித்த கை சும்மா இருக்குமா? பத்து கிலோ இரும்பு, முப்பதிலிருந்து நூற்றி எண்பதுக்கு நூற்றைம்பது டிகிரி ஏற வேண்டும், இருபது நிமிஷம். கால்குலேட்டரைத் தட்டி, சேதாரமும் சேர்த்து, ஏழுநூற்றைம்பது என்று முடித்தேன். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருப்பதிக்குப் போனேன். ஜன்னலில் சந்திரகிரிக் கோட்டை மிதந்து போயிற்று. வெயிலில் பாறை ஒவ்வொன்றும், யாரோ பொறுமையாகச் சூடேற்றிக்கொண்டிருக்கும் கட்டையாகத் தெரிந்தது. மலைக்குப் போகிற பக்கத்துச் சீட்டுக்காரர், "வேண்டுதலா?" என்றார்.

"ஆமாங்க. வேலை நிலைக்கணும்."

கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஷெட்டில் அக்கா கண்ணை மூடினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இது எங்க சாரு குந்தப் போவுது?"

"மெஷின்லதாங்க்கா. வேற எங்க."

"கூட யார் யாரு?"

"இரும்புக்கு ஏதுக்கா கூட?"

"சொல்லமாட்டன்ற. அப்போ ரெட்டிப்பா ஆக்கணும். ஆயிரத்தி ஐந்நூறு."

"ஏழுநூத்தம்பதுதான். கணக்கு போட்டாச்சு."

"கணக்கா துன்னப் போவுது? சரே. பட்டினி போட்டா பாவம் உன்க்குதான்."

நான் கேட்டபடியே சுற்றிக் கொடுத்தார்.

மத்தியானம் பார்ட்டி வர வேண்டும். காலையில் மெஷினைப் போட்டால், நூற்றி எண்பதுக்குப் போக வேண்டிய முள் நூற்றி முப்பதிலேயே படுத்துவிட்டது. பாக்கெட்டுகள் கொட்டாவி விட்டன. என் சட்டையெல்லாம் கூழ். எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன்.

அக்கா அடுத்த பஸ்ஸிலேயே வந்தார். மெஷினைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தார். என் கட்டை, எருமை கணக்காக இருந்த ஓர் இரும்புச் சட்டத்தின் முதுகில் நேராக முடுக்கியிருந்தது. தொட்டுப் பார்த்தால் எருமையும் சுட்டது.

"ஒர்த்தருக்குச் சோறாக்கிட்டு ஊரையே பந்தில குந்த வெச்சிக்கீற. இம்மாம் பெரிய மாமியார் ஊடு கீதுன்னு அன்னிக்கே சொன்னியா?"

வேறு சுற்ற நேரமில்லை. அக்கா பையிலிருந்து கெட்டியான ஆஸ்பெஸ்டாஸ் அட்டையை எடுத்து வெட்டி, கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து முடுக்கினார். "இனிமே சூடு அந்தாண்ட தாண்டாது."

இருவரும் முள்ளுக்கு எதிரே உட்கார்ந்தோம். மாம்பழ வாசனை, ஈக்களின் ரீங்காரம். முள் நகர்கிறதா, நகர்வதாகக் கனவு காண்கிறேனா தெரியவில்லை. நூற்றி நாற்பது. நூற்றி அறுபது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டைக்குள் யாரோ மூலை மூலையாக விளக்கேற்றிக்கொண்டு நடந்தார்கள். திறந்தபோது நூற்றி எண்பது.

பாக்கெட்டுகள் வாயை மூடின. பெங்களூர் பார்ட்டி ஒன்றைத் தரையில் போட்டு மிதித்தே பார்த்தார், பிரியவில்லை. பங்காருபாளையத்துக்காரரான எங்கள் முதலாளி என் பக்கம் திரும்பி, "எவரி லெக்க இதி?" என்றார். யார் போட்ட கணக்கு என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"சாருதே லெக்க. அட்ட வெக்கச் சொன்னதும் சாருதான்."

அன்று சாயங்காலமே பர்மனென்ட் ஆனேன். பஸ் ஸ்டாண்டில் அக்காவை ஏற்றிவிடும்போது கேட்டேன். "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"உன்ன ஊட்டுக்கு அனுப்பிட்டா, இவ்ளோ தெகிரியமா தப்பு கணக்க எடுத்துக்கினு எங்கிட்ட யாரு வருவா?"

பெங்களூருக்கு வேலை மாறிப் போகும்வரை மூன்று வருஷம் அங்கே இருந்தேன். கணக்கு எனக்கு நன்றாகவே வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு துண்டையும் அக்காவிடம் எடுத்துப்போகும்போது, எண்ணைக் கொஞ்சம் குறைத்தேதான் சொன்னேன்.