கோபத்துக்கு ஒரு மைனஸ் குறி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் நலம்தானே? இங்கே நான் நலம். "நாங்கள்" என்று எழுத வழியில்லை. கம்ப்யூட்டரைத் திறக்க மனம் வராததால் காகிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள் மாமியாரின் அண்ணன் வந்திருந்தார். அவள் டீ கொண்டுவந்தாள். முப்பத்தாறு வருஷம் தொழிற்சாலையில் தெர்மாமீட்டர்களைச் சரிபார்த்த கை சும்மா இருக்குமா? அவர் டீயில் ஒன்றை விட்டு, "நாற்பத்தாறு டிகிரி, ஆறிப்போச்சு" என்று அறிவித்தேன். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

போன தடவை நீங்கள் கம்ப்யூட்டரில் சொல்லிக்கொடுத்தீர்களே, எக்ஸ்ப் ஃபங்ஷன், ஏறுவதோ இறங்குவதோ மடங்கு மடங்காகப் போகும் என்று, அதை எடுத்தேன். சூடானது எதுவானாலும் தொடாமல் விட்டால் ஆறும், இது என் சர்வீஸில் கண்டது, கோபமும் சூடுதானே என்று பதினோரு நாளுக்குப் போட்டுப் பார்த்தால் ஐம்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று எழுபத்துநான்கு மடங்குன்னு வருது! இவ்வளவை ஒரு உடம்பு தாங்காதே என்று யோசித்தபோதுதான், "குறையறதுக்கு மைனஸ் போடணும் மாமா" என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. போட்டேன். கோபம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஆறுவதைக் கிளறக்கூடாது என்று போன்கூடப் பண்ணவில்லை. பதினோராம் நாள் சவரம் செய்துகொண்டு போனேன். கதவைத் திறந்தவள், "இத்தனை நாள்ல ஒரு போன் பண்ணத் தோணலையா?" என்றாள்.

"ஆறட்டும்னு விட்டேன்."

"விட்டா ஆறிப்போறதுக்கு நான் என்ன டீயா?"

கதவைச் சாத்திவிட்டாள்.

மாப்பிள்ளை, கணக்கில் எங்கே தப்பு? நீங்க சொல்லிக்குடுத்தது, நீங்கதான் பார்த்துச் சொல்லணும். தினமும் டீ போடுறேன், அளக்குறேன், எழுபத்தொண்ணு டிகிரின்னு சொல்ல வீட்டில் ஆளில்லை. அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை. இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

ஒருவர் டீயில் மற்றவர் தெர்மாமீட்டர் விடாமல் நீடூழி வாழ்க.

தங்கள் மாமனார்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உறையை ஒட்டுவதற்குள் குடையை எடுக்க அவள் வந்தாள். மேஜை மேல் இருந்த கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "மைனஸ் போடாம வந்துச்சே, அந்தக் கணக்குதான் சரி" என்றாள். பிறகு இரண்டு டீ போட்டாள். அண்ணனிடம் போனில் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் குடிக்கலாமாம். கேட்டு முடிக்க அரை மணி நேரம் ஆனது. டீ சில்லென்று இருந்தது. "நல்ல சூடு" என்று சொன்னேன்.